மிருதங்கப் பயிற்சிக்கு வயர் ஹெட்போனா, ப்ளூடூத் ஹெட்போனா?

நான்கு ஆண்டுகளாக என் மேசையில் இரண்டு ஹெட்போன்கள் இருக்கின்றன. ஒன்று, 1991-இல் வெளிவந்து இன்றும் விற்பனையாகும், ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவலாகக் காணப்படும் சோனி எம்டிஆர்-7506 என்னும் வயர் ஹெட்போன். மற்றொன்று, அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 என்னும் ப்ளூடூத் ஹெட்போன். பதிவு செய்யப்பட்ட நேர்காணல்களைக் கேட்டு எழுத்தில் வடிப்பது என் தொழில். மாலையில் மிருதங்கம் பயில்கிறேன். ஆகவே நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் இவ்விரண்டில் ஏதாவதொன்று என் காதில் இருக்கும். எது சிறந்தது என்று கேட்டால் பலரும் ஒலித்தரத்தை வைத்தே விடை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாம்பட்சம்தான். முதலில் பார்க்க வேண்டியது ஒலி காதுக்கு வந்து சேர ஆகும் தாமதம். அதற்கடுத்தது பேட்டரியின் ஆயுள்.

தாமதம் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது, கர்நாடக இசை உருப்படிகளில் ஒன்றான ஒரு வர்ணம். நண்பர் பாடி அனுப்பியிருந்த ஒலிக்கோப்பைக் கணினியில் ஓடவிட்டு, ப்ளூடூத் ஹெட்போனில் அதைக் கேட்டபடியே மிருதங்கம் வாசித்து, தனித் தடமாகப் பதிவு செய்தேன். வாசிக்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. தாளம் தொடங்கும் இடமான சமத்தில் கச்சிதமாக விழுந்ததாகவே நினைத்தேன். மறுநாள் இரண்டு தடங்களையும் சேர்த்து ஆசிரியருக்குப் போட்டுக் காட்டியபோது, பல்லவி முடிவதற்குள் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "வாசிப்பு சரியாத்தான் இருக்குப்பா, ஆனா எல்லாச் சொல்லும் பின்னாடியே நடந்து வருது" என்றார். வீட்டுக்கு வந்து அதே வர்ணத்தை எம்டிஆர்-7506 மாட்டிக்கொண்டு மீண்டும் பதிவு செய்தேன். சொற்கள், அதாவது மிருதங்கத்தின் அடிகள், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

காரணம் எளியது. வயரில் மின்சைகையாகச் செல்லும் ஒலி நம் உணர்வுக்கு எட்டாத வேகத்தில் காதை அடைந்துவிடுகிறது. ப்ளூடூத்திலோ, ஒலியை முதலில் சுருக்கி, சிறு சிறு பொட்டலங்களாக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்பி, இடையில் அறுந்துபோகாமலிருக்கச் சிறிது சேமித்துவைத்து, பிறகு விரித்து ஒலிக்கச் செய்ய வேண்டியிருக்கிறது. இதற்குப் பொதுவாக 150 முதல் 250 மில்லி விநாடி வரை ஆகிறது. ஆதி தாளத்தில் ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், அதை நான்கு மாத்திரைகளாகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரைக்குக் கால் விநாடி, அதாவது 250 மில்லி விநாடி. எனவே ப்ளூடூத்தின் தாமதம் ஏறக்குறைய ஒரு மாத்திரையையே விழுங்கிவிடுகிறது. வேறு விதமாகச் சொன்னால், காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், 200 மில்லி விநாடித் தாமதம் என்பது பாடகரிடமிருந்து எழுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு பக்கவாத்தியம் வாசிப்பதற்குச் சமம். திரைப்படம் பார்க்கும்போது இது தெரிவதில்லை. ஏனெனில் கைப்பேசியே அந்த அளவுக்குப் படத்தையும் தாமதப்படுத்தி உதட்டசைவோடு பொருத்திவிடுகிறது. நாமே வாசிக்கும்போதும், கணினி விளையாட்டு ஆடும்போதும் அப்படிப் பொருத்த வழியில்லை.

இணையவழி இசை வகுப்பில் வேறொரு குறை உண்டு. இதைப் பலரும் ஹெட்போனின் தரக்குறைவு என்று தவறாக எண்ணுகிறார்கள். ப்ளூடூத் ஹெட்போனில் உள்ள மைக்கை இயக்கிய உடனே அது பாட்டு கேட்கும் முறையிலிருந்து தொலைபேசி அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. பழைய அழைப்பு முறையில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளும், சற்றுப் புதிய முறையில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவையும் காதுக்கு வருவதே இல்லை; இடம் வலம் என்ற பிரிவும் மறைந்துவிடுகிறது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்னும் அடி விழும்போது எழும் கணீரென்ற ஓசை அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் வறண்டு கேட்கிறது. கணினியின் அமைப்பில் மைக்காக ஹெட்போனைத் தேர்ந்தெடுக்காமல் கணினியின் சொந்த மைக்கையே தேர்ந்தெடுத்தால், ஒலி அந்தக் கணமே பழைய செழுமைக்குத் திரும்பிவிடும்.

இனி ஒலித்தரம். எல்லா ப்ளூடூத் ஹெட்போனிலும் இருக்க வேண்டிய எஸ்பிசி என்னும் ஒலிச்சுருக்க முறை விநாடிக்குச் சுமார் 328 கிலோபிட் வரையிலும், சோனியின் எல்டாக் முறை 990 கிலோபிட் வரையிலும் அனுப்புகின்றன. குறுந்தகட்டின் அளவு 1411 கிலோபிட். எண்களைப் பார்த்தால் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஓடும் ரயிலில் எனக்கு எந்த வேறுபாடும் தெரிந்ததில்லை. விசிறியையும் நிறுத்திவிட்டு, இரவில் தம்புராச் சுருதியை மட்டும் கேட்கும்போது வயரில் அதன் அனுசுரங்கள் (முதன்மைச் சுரத்தோடு சேர்ந்தெழும் நுண்ணொலிகள்) சற்றுக் கூடுதல் தெளிவாகக் கேட்பதாக உணர்கிறேன், அவ்வளவுதான்.

பயணத்தில் ப்ளூடூத் ஹெட்போனுக்கு ஈடு இல்லை என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். 254 கிராம் எடையுள்ள எக்ஸ்எம்4, இரைச்சல் நீக்கத்தோடு 30 மணி நேரம் வரை ஒரே சார்ஜில் இயங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. இரைச்சல் நீக்கத்தின் கதை நமக்குச் சற்று நெருக்கமானது: வங்கத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மகனும், போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவியவருமான அமர் போஸ், 1978-இல் ஜூரிக்கிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல், அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். வெளிச்சத்தத்தை மைக்கால் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி, இரண்டையும் ஒன்றுக்கொன்று அழியவைப்பதே இதன் அடிப்படை. எனவே ரயிலின் அடித்தள உறுமல், ஏசியின் ஓசை போன்ற மாறாத தாழ்ந்த ஒலிகள் பெருமளவு அடங்கிவிடும். எதிர் இருக்கைக்காரர்களின் பேச்சு அப்படி அடங்காது. இதில் ஓர் உடல்நலப் பயனும் உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்கள் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சுற்றுச்சத்தம் அடங்கினால் ஒலியளவைக் கூட்ட வேண்டிய தேவை குறைகிறது.

ஆயுள் விஷயத்தில் வயருக்கே என் வாக்கு. வயர் ஹெட்போனுக்கு நோய் வந்தால் பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில்தான் வரும். ஒரு காது கேட்காமல் போக, வயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால் மீண்டும் கேட்கும். இந்த நிலைக்கு வந்த ஓர் இயர்போனை, எங்கள் தெருமுனை ரேடியோ மெக்கானிக் ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டு, நூல்போன்ற கம்பிகளின் அரக்குப் பூச்சைச் சாலிடரிங் முனையால் சுட்டு நீக்கி, புது ஜாக் வைத்துக் கால் மணி நேரத்தில் கொடுத்தார். எம்டிஆர்-7506-இன் சுருள் வயர் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டது என்பது குறைதான். நீட்டினால் 3 மீட்டர் வரை செல்லும் அது வெளியே எடுத்துச்செல்லவும் ஏற்றதல்ல. ஆனால் தேய்ந்துபோகும் காது மெத்தைகள் தனியே கிடைக்கின்றன, நாமே மாற்றிக்கொள்ளலாம்.

ப்ளூடூத்தில் நிலைமை வேறு. லித்தியம் அயனி பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜுகளுக்குள் தம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றன. காதுக்குள் செருகும் சிறு இயர்பட்களில் பேட்டரி பொத்தானளவே இருப்பதால் அந்த இழப்பு விரைவில் உறைக்கும். முன்பு நான் வைத்திருந்த ஒரு ஜோடியில் இரண்டாம் ஆண்டு இறுதியில் இடது காது இருபது நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. பழுதுபார்க்கும் இடத்தில் பேட்டரியை மாற்ற முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வலது காது இன்றும் நன்றாகப் பாடுகிறது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

அதனால்தான் எக்ஸ்எம்4-ஐத் தேர்ந்தெடுத்தேன்: அதில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. பேட்டரி தீர்ந்தாலும் வயரைச் செருகிக் கேட்கலாம். ப்ளூடூத் வாங்க நினைப்பவர்கள் பெட்டியில் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்தத் துளையைப் பாருங்கள். 2016-இல் ஐபோன் 7 இத்துளையைக் கைவிட்ட பின் பல கைப்பேசிகளிலும் அது மறைந்துவிட்டதால், வயர் ஹெட்போன் வாங்குவோருக்கு டைப்-சி இணைப்பான் தேவைப்படும். அதை வாங்கும்போது உள்ளே டிஜிட்டல் ஒலியை மின்சைகையாக மாற்றும் சில்லு உள்ளதா என்று கடையில் கேளுங்கள். சில்லு இல்லாத மலிவு இணைப்பான்கள் எல்லாக் கைப்பேசியிலும் இயங்குவதில்லை. உங்கள் கைப்பேசியையும் ஹெட்போனையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே செருகிக் கேட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.