பாண்டி நம்பர் வண்டி: மூன்றே முக்கால் வருடம், 64,000 கிலோமீட்டர்

போன வாரம் டிக்கி ஷாக் இரண்டையும் மாற்றினேன். டிக்கிக் கதவைத் தூக்கினால் மேலேயே நிற்க வைக்கும் அந்த இரண்டு கறுப்புக் குழாய்கள். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக், பழையதைக் கழற்றிக் கையால் அமுக்கிப் பார்த்தார். கேஸ் எல்லாம் போய், சைக்கிள் பம்ப் மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. "அண்ணே, சொந்த வண்டியில இது இவ்வளவு சீக்கிரம் போகாதே. வாடகைக்கு ஓட்டுறீங்களா?" என்றார். பெட்டி ஏற்றி இறக்கும் டாக்சியில்தான் இப்படித் தேயுமாம். அப்புறம் பின்னால் நகர்ந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பிஒய், பாண்டிச்சேரிப் பதிவு. "அதானே பார்த்தேன்" என்று சிரித்துவிட்டார்.

நானும் சிரித்தேன், பில் வரும் வரை. அதே வாரம் பழைய ஆபீஸ் நண்பன் ஒருவன் போன் போட்டான். "மாப்ள, நீ பாண்டியிலதானே எடுத்த? எவ்வளவு மிச்சமாச்சு? நானும் எடுக்கலாம்னு பாக்குறேன்." போனில் சொல்ல ஆரம்பித்தால் கெட்ட வார்த்தை வரும் என்பதால் எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதியது இவ்வளவு நீண்டுவிட்டது.

வண்டி எது என்று சொல்லப் போவதில்லை. 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். ரிங் ரோட்டில் கால் மணி நேரம் நின்றால் இதே வண்டி நாலைந்து போகும். அதன் சஸ்பென்ஷன், மைலேஜ், ஏசி பற்றியெல்லாம் ஊரே பேசி முடித்தாயிற்று. நான் பேச வந்தது அதன் நம்பரைப் பற்றி.

முதலில் கணக்கு. பாண்டியில் வண்டி விலையே குறைவு என்று இன்னமும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜிஎஸ்டி வந்த 2017க்குப் பிறகு ஷோரூம் விலை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க சாலை வரியில். 2022 பிப்ரவரியில் நான் எடுத்தபோது, பத்து லட்சத்துக்கு மேல் போகும் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி, அதாவது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி, 15 சதவீதம். என் வண்டியின் ஷோரூம் விலை 12,40,000. இங்கே எடுத்திருந்தால் வரி மட்டும் 1,86,000 கட்டியிருக்க வேண்டும். பாண்டியில் நான் கட்டியது அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் மிச்சம் என்று மனைவியிடம் போனில் சொன்னபோது என் குரலே வேறு மாதிரி இருந்ததாம். இன்றும் அப்படிப் பேசிக் காட்டுவார்.

பொய் முகவரி கொடுத்து எடுக்கவில்லை. அப்போது எனக்கு வேலை புதுச்சேரியில்தான். வில்லியனூரில் வாடகை வீடு, முறையான ஒப்பந்தம், கேஸ் இணைப்பு எல்லாம் அந்த முகவரியில். கேரளத்தில் 2017ல் சொகுசுக் கார்களைப் பாண்டி முகவரியில் பதிவு செய்துவிட்டு கேரளத்திலேயே ஓட்டிய சினிமாக்காரர்கள் மீது வழக்குப் பாய்ந்ததே, அந்த ரகமில்லை நான். ஆனால் ஜூனில் மதுரைக்கு மாற்றல் வரப்போகிறது என்பது எனக்கு ஜனவரியிலேயே தெரியும். தெரிந்துதான் பிப்ரவரியில் எடுத்தேன்.

மதுரைக்கு வந்த முதல் வாரமே டிக்கி புராணம் ஆரம்பித்துவிட்டது.

பாண்டி நம்பர் என்றால் டிக்கியில் சரக்கு இருக்கும். இது தமிழ்நாட்டில் எழுதாத விதி. விழுப்புரத்தைத் தாண்டும்போது நிறுத்தினால் நியாயம். அந்த வழியாகத்தான் பாட்டில் கடத்துகிறார்கள், பிடிக்கிறார்கள், அவர்கள் வேலை அது. ஆனால் காலை எட்டேகாலுக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது?

"சார், டிக்கியத் திறங்க. எங்கருந்து வர்றீங்க?"

"ஒத்தக்கடை."

"வண்டி பாண்டி வண்டியா இருக்கு?"

"ஆமா சார். நான் ஒத்தக்கடை."

பின் சீட்டில் பிள்ளை, டிபன் பாக்சை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கும். முதல் ஆறு மாதம் எண்ணிக்கொண்டு வந்தேன். 23 தடவை. அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பெரும்பாலும் மரியாதையாகத்தான் கேட்பார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் சித்தப்பா வீட்டுக்கு நன்னாரி சர்பத் இரண்டு பாட்டில் எடுத்துப் போனேன். அந்தப் பழுப்பு நிறத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததும் அந்தப் போலீஸ்காரர் முகத்தில் ஒரு பிரகாசம். மூடியைத் திருகி முகர்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார், அவரும் முகர்ந்தார். "நன்னாரிங்க" என்றேன். "தெரியுது சார்" என்று மூடி, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு அம்மாவை அழைத்துப் போனபோது அழகருக்கு எடுத்த சர்க்கரைச் சொம்பு டிக்கியில் இருந்தது. வாயில் கட்டியிருந்த வாழை இலையில் அவர் கை வைக்கப் போக, அம்மா முன் சீட்டிலிருந்தே, "அழகருக்குப் போறதுய்யா, தொட்டுறாதே" என்று சத்தம் போட்டார். அவர் படக்கென்று கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் இதைவிட மோசம். எந்தக் கல்யாண மண்டபத்தில் வண்டியை நிறுத்தினாலும் யாராவது ஒரு மாமா மெதுவாகப் பின்பக்கம் போய் நிற்பார். "என்ன மாப்ள, டிக்கியில ஒண்ணுமே இல்லையா?" ஸ்டெப்னி இருக்கிறது மாமா என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கடைசி ஆறு மாதம் டிக்கி ஷாக் வேலை செய்யவில்லை. திறந்தால் நிற்காது, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையில் இறங்கும். ஒருநாள் அப்படி இறங்கியது என் தலையில் இல்லை, சோதனை போட்டவர் தொப்பியில். நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே பழைய துடைப்பக் கட்டை ஒன்றை அளவாக அறுத்து டிக்கியில் போட்டு வைத்தேன். அதற்கப்புறம் யார் நிறுத்தினாலும் நானே இறங்கி, திறந்து, கட்டையை முட்டுக் கொடுத்து, "பாருங்க சார்" என்று ஒதுங்கி நிற்பேன். இதற்காகத்தானா வண்டி வாங்கினோம் என்று அந்தக் கட்டையைக் கையில் பிடிக்கும்போதெல்லாம் தோன்றும்.

காசு விஷயத்திலும் அடி விழுந்தது, ஆனால் சத்தமில்லாமல். மாற்றலில் வந்த வேலைக்கு தினமும் ஒரு டோலைத் தாண்ட வேண்டும். 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு உள்ளூர் மாதப் பாஸ் உண்டு. 2024-25ல் 340 ரூபாய். எனக்கு முன்னால் போகும் ஒத்தக்கடைக்காரர்கள் அதில்தான் போகிறார்கள். நானும் ஆதார், கரண்டு பில் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். ஆர்சி, அதாவது வண்டிப் பதிவுச் சான்று கேட்டார்கள். ஆர்சியில் வில்லியனூர். முடிந்தது கதை. டோலில் நின்று வாதாடவும் முடியாது, அவர்கள் சொல்வது சரிதான். 2025 ஆகஸ்ட் 15ல் 3,000 ரூபாய்க்கு 200 தடவை போகிற ஃபாஸ்டேக் வருடாந்திரப் பாஸ் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தாண்டுகிறவனுக்கு அதுவும் நூறு நாளில் தீர்ந்துவிடும். அதற்கு முன்னால் கட்டியதையெல்லாம் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டவும் மாட்டேன்.

சரி, நம்பரை மாற்றித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவு: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு மாற வேண்டும். எனக்கு அந்தக் கெடு 2023 ஜூன். மாற்றினால் தமிழ்நாட்டு வரியைக் கட்ட வேண்டும். வண்டியின் வயதைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துப் போடுவார்கள், ஆனால் கட்டியே ஆக வேண்டும். மிச்சம் பிடித்த காசை ஒரே வருடத்தில் திருப்பிக் கொடுப்பதா? "பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டேன். தீபாவளிக்கு அப்புறம், பொங்கலுக்கு அப்புறம்.

அந்த 2023 நவம்பரிலேயே தமிழ்நாட்டில் வரியை ஏற்றினார்கள். ஐந்து லட்சம் வரை 12, ஐந்து முதல் பத்து வரை 13, பத்து முதல் இருபது வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். என் வண்டி விழுவது 18ல். ஜூனிலேயே மாற்றியிருந்தால் 15 சதவீதக் கணக்கில் கழித்துக் கட்டியிருப்பேன். இப்போது மாற்றப் போய்ச் சொல்லப்பட்ட தொகை, நான் மிச்சம் பிடித்ததைவிட அதிகம். எவ்வளவு என்று எழுத மாட்டேன். வீட்டில் இதைப் படிப்பார்கள்.

விற்றுவிடலாமா என்றும் பார்த்தேன். பழைய கார் வியாபாரி ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார், இஞ்சினைக் கேட்டார், பானெட்டைத் தடவிக் கொடுத்தார். எல்லாம் பிரமாதம் என்றார். பின்னால் வந்து நம்பரைப் பார்த்ததும் ஒரு விலை சொன்னார். நான் கடன் பாக்கியை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி உன் விஷயம். நீ பார்த்து வைத்திருப்பது நாலு மீட்டருக்குள் வரும் 1.2 லிட்டர் பெட்ரோல். 2025 செப்டம்பர் 22க்கு முன் அதற்கு ஜிஎஸ்டி, செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து 29 சதவீதம், இப்போது 18. அதாவது 10,80,000 இருந்த வண்டி ஏறக்குறைய 9,88,000க்கு வந்துவிட்டது. விலை குறைந்தது எல்லோருக்கும் தெரிகிறது. பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கியதில் சாலை வரியும் 18லிருந்து 13க்கு இறங்குவதை யாரும் பேசக் காணோம். ஷோரூம் விலையை வைத்துப் போட்டால் முன்பு 1,94,400, இப்போது 1,28,000 சொச்சம். வீட்டு வாசலிலேயே 66,000 மிச்சம், நன்னாரியை யாரும் முகராமல். நீ எதற்கு அக்கரைக்குப் போகிறாய்? அதுவும் உனக்குப் பாண்டியில் வீடும் இல்லை, வேலையும் இல்லை. யாரோ ஒருவர் முகவரியில் எடுப்பது மோசடி. அதற்கு நான் துணை வர மாட்டேன். எடுக்காதே.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. என் பட்ஜெட்டுக்கு மதுரையில் எடுத்திருந்தால் கிடைத்திருப்பது பெட்ரோல் மாடல். அந்த ஒரு லட்சத்து முப்பதாயிரம்தான் என்னை டீசலுக்குத் தூக்கிவிட்டது. 64,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, ஹைவேயில் இன்னும் லிட்டருக்கு 19 கொடுக்கிறது. திருச்சி தாண்டிப் பாடாலூர், பெரம்பலூர் வழியில் விடிகாலை நாலரைக்கு, ஐந்தாவது கியரில், இஞ்சின் சத்தமே இல்லாமல் போகும்போது, அம்மா தூங்கிக்கொண்டு வர, எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்காது. அந்தச் சுகத்துக்கு நான் போட்ட கணக்கெல்லாம் தப்புதான், நட்டம்தான். மறுபடி 2022 பிப்ரவரி வந்தால் என்ன செய்வாய் என்று மனைவி கேட்டார். டீசல்தான் எடுப்பேன் என்றேன். "நான் கேட்டது நம்பரை" என்றார். பதில் சொல்லவில்லை.

இப்போது நம்பரை மாற்ற, பாண்டியிலிருந்து என்ஓசிக்கு, அதாவது தடையில்லாச் சான்றுக்கு, எழுதிப் போட்டிருக்கிறேன். வண்டி கடனில் இருப்பதால் வங்கியிலிருந்து முதலில் கடிதம் வாங்க வேண்டும், அது வந்துவிட்டது. அடுத்தது படிவம் 28. அதில் சேஸிஸ் நம்பரின் அச்சை எடுத்து ஒட்ட வேண்டும். என் வண்டியில் அது முன் சீட்டுக்குக் கீழே, மேட்டை விலக்கினால் தெரியும். சீட்டைப் பின்னால் தள்ளி, கதவைத் திறந்துபோட்டு, வெளியே மண்டி போட்டு, தலையை மட்டும் உள்ளே நுழைத்துக்கொண்டு, நம்பர் மேல் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்து, செல்லோடேப்பை அழுத்தி உரிக்க வேண்டும். மொத்தம் 17 எழுத்து. மூன்று தடவை கிழிந்து நாலாவது வந்தது. அதையும் ஏஜென்ட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், ஒன்பதாவது எழுத்து எட்டா, பி-யா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மறுபடி மண்டி போட வேண்டும். பிள்ளையின் ஜாமெட்ரி பாக்சிலிருந்து 2பி பென்சில் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.