50 மி.மீ. லென்ஸ், ஒரு ஜன்னல், ஒரே முகம்: வீட்டிலேயே போர்ட்ரெய்ட் பழகும் அனுபவம்

கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் (ஃபுல்ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) மாட்டி, வாழ்க்கைத்துணையை ஜன்னலோரம் உட்காரவைத்து முகப்படம் பழகுவது பலரும் தொடங்குகிற வழிதான். நெடுநாள் புழக்கத்தில் இந்த ஏற்பாடு எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் கிடைக்கும் லாபம் பெரியது. முகம் மாறுவதில்லை. ஆகவே போன வாரப் படத்துக்கும் இந்த வாரப் படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அதற்குக் காரணம் ஒளி, தூரம், அபர்ச்சர் (லென்ஸின் துளை; எஃப்/ எண் சிறிதானால் துளை பெரிது), கேமராவின் உயரம் இவற்றில் ஏதோ ஒன்று. புது மாடலை வைத்து எடுத்த படம் நன்றாக வந்தால், அது முகவெட்டாலா நம் வேலையாலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1917 முதல் 1937 வரை ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் ஒருவரையே 300க்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தார். அவற்றில் கைகளை மட்டுமே காட்டும் படங்களும் உண்டு. இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஹேரி கேலஹான் தம் மனைவி எலனாரை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்தார். பழகிய முகம் சலித்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை.

ஒளிதான் முதல் பாடம். வெளிநாட்டுப் புத்தகங்கள் வடக்குப் பார்த்த ஜன்னலைத் தேடச் சொல்லும், அதில் நேர்வெயில் விழாது என்பதால். நம்மூரில் அதை அப்படியே நம்ப முடியாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதம் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வடக்கு ஜன்னலில் உள்ளே இறங்கும். கம்பியின் நிழல் முகத்தில் கோடு கோடாக விழும். அந்த மாதங்களில் ஒரு வெள்ளை வேட்டியைக் கரை மடித்து, ஒற்றையாக ஜன்னலில் கட்டினால் போதும். துணியின் கனத்தைப் பொறுத்து ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஒளி குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). பதிலுக்கு ஜன்னல் முழுவதுமே மென்மையான ஒளிப்பலகை ஆகிவிடும். பழுப்பேறிய வேட்டி வேண்டாம். அந்தப் பழுப்பு அப்படியே தோலில் ஏறும்.

முகம் ஜன்னலிலிருந்து மூன்று அடி தள்ளி இருக்கட்டும். ஒன்றரை அடிக்குக் கொண்டுபோனால் ஒரு கன்னம் வெளுத்து மறு கன்னம் இருண்டுவிடும். நிழல் பக்கத்தில் இரண்டடி தள்ளி ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் இருட்டு இளகும். அதே இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் தாடைக்கோடு அழுத்தம் பெறும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. இதற்கெல்லாம் துணையைக் காக்கவைக்க வேண்டாம். உரித்த தேங்காய் ஒன்றை முகம் வரும் உயரத்தில் வைத்து ஒளியைச் சரிசெய்துகொள்ளலாம். மங்கலான பழுப்பு, உருண்டை வடிவம். நிழல் எங்கே திரும்புகிறது என்பது தெளிவாகத் தெரியும். எல்லாம் தயாரான பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளியோடு கலந்தால் ஒரு பக்கம் பச்சை தட்டும். கேமராவில் நிறத்தைச் சமன்செய்யும் எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும்; ஷட்டர் வேகம் 1/200 நொடியில் எடுத்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். இளம்பச்சை, ரோஸ் வண்ணச் சுவர்களும் பக்கத்தில் இருக்கும் கன்னத்தில் சாயம் ஏற்றும். சுவரிலிருந்து நான்கு அடியாவது முன்னால் உட்காரவைத்தால் பின்னணியும் கூடுதலாக மங்கும்.

மேகமூட்டமான நாளில் எஃப்/2.8, 1/200, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400 முதல் 800 வரை என்று தொடங்கலாம். 1/60ல் கை நடுங்காமல் எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மாடல் மூச்சுவிடுவார், தலையசைப்பார். பல படங்கள் மங்குவதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, இந்தக் குறைந்த வேகம்தான்.

மாநிறமும் கருநிறமும் உள்ள முகங்களில் கேமராவின் ஒளியளக்கும் மீட்டரை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் மீட்டர் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் சேறாகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +2/3 முதல் +1 ஸ்டாப் வரை ஏற்ற வேண்டும். கரும்பச்சைப் பட்டுப்புடவையும் இருண்ட கதவும் சேர்ந்தால் நேர் எதிர். -2/3 வரை இறக்காவிட்டால் தோலின் நிறமே மாறி வெளுத்துப்போகும். அந்த வெளுப்பை அழகு என்று விட்டுவிடும் பழக்கம் நம் ஸ்டூடியோக்களில் நெடுநாளாக இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். கருநிறத் தோலுக்கு வடிவம் தருவது அதன் மேல் பளபளக்கும் மென்மையான ஒளிக்கீற்று. பெரிய ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்தால் அது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் தானாக வரும். வியர்வையை உலர்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள், பவுடர் போட வேண்டாம். படத்தில் அது சாம்பல் பூத்தாற்போல் தெரியும்.

லென்ஸைப் பற்றி: எஃப்/1.8ல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ.தான், ஒரு மீட்டரில் 3 செ.மீ.கூட இல்லை. முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும். எஃப்/2.8க்கு வந்தால் ஒன்றரை மீட்டரில் 9 செ.மீ.க்கு மேல் கிடைக்கும், சரிகை ஓரங்களில் தெரியும் ஊதாப் பிசிறும் பெரும்பாலும் மறையும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து கேமராவைத் திருப்பிச் சட்டம் அமைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: பத்து டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் இரண்டு செ.மீ.க்கு மேல் கண்ணுக்குப் பின்னால் போய்விடும். எஃப்/1.8ல் இது மன்னிக்காது. கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் மேல் விழும் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். கேனான் 200டி மார்க் 2 போன்ற கேமராக்களில் லைவ் வியூவில் (திரையைப் பார்த்து எடுக்கும் முறை) கண்ணைக் கண்டறியும் வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்தலாம்.

இனி, மாடலாக உட்காருபவர். இடது, வலது என்று சொன்னால் யாருடைய இடது என்று இருவரும் குழம்புவீர்கள். "ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பும்மா", "கதவைப் பாருங்க" என்று அறையிலுள்ள பொருளைச் சொல்லுங்கள். "தாடையைத் தூக்கு" என்பது கழுத்தைத்தான் காட்டும். நெற்றியைக் கேமரா பக்கம் சற்று முன்னே கொண்டுவரச் சொன்னால் தாடைக்கோடு தெளியும். கண்ணாடி போட்டவர் என்றால் அதன் காதுப்பிடியை ஒரு விரல்கனம் தூக்கினால் ஜன்னலின் பிரதிபலிப்பு கீழே இறங்கிவிடும். சும்மா இருக்கும் கைகள் விறைக்கும். பூக்கட்டலாம், ஜடை பின்னலாம், காபி டம்ளரைப் பிடிக்கலாம். கேமரா, முகத்தை மட்டும் எடுக்கும்போது கண் உயரத்திலும், இடுப்பு வரை எடுக்கும்போது மார்பு உயரத்திலும் இருக்கட்டும்.

இருபது நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். எடுத்ததையெல்லாம் காட்டாமல், நான்கைந்து நல்ல படங்களை மட்டும் காட்டுங்கள். "நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டால் அது உங்கள் படத்தின் குறையாக இருக்க வேண்டியதில்லை. 1977ல் வெளிவந்த ஓர் அமெரிக்க உளவியல் ஆய்வில், பெண்கள் தங்கள் படத்தின் கண்ணாடிப் பிம்பத்தையே அதிகம் விரும்பினார்கள். அவர்களுக்கு நெருக்கமானவர்கள் நேர்ப்படத்தை விரும்பினார்கள். தினமும் பார்ப்பது எதுவோ அதுவே பிடிக்கிறது. இடவலம் புரட்டிய ஒரு பிரதியைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், பேச்சு சுமுகமாகும். அவர் அழிக்கச் சொன்னதை அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். அவர் சம்மதம் சொல்லாத படம் ஸ்டேட்டஸில்கூட ஏறக்கூடாது. இதில் பேரமே கிடையாது; நம்பிக்கை போனால் அடுத்த அமர்வே இருக்காது.

இந்த லென்ஸின் பலவீனமான இடம் அதன் முன்குழல். ஃபோகஸ் செய்யும்போது அது வெளியே நீளும். நீண்டிருக்கும்போது இடித்தாலோ கையால் அழுத்தினாலோ உள்ளே பல்சக்கரம் பழுதாகலாம். ஹூட் மாட்டியே வைத்திருங்கள், இடி அதன்மேல் விழும். கடலோர ஊர்களில் பூஞ்சை இன்னொரு தொல்லை. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வைப்பது நல்லது. தோல் பையில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பூஞ்சை நிச்சயம் தேடி வரும்.

கொஞ்ச நாளில் 85 மி.மீ. லென்ஸ் மேல் ஆசை வரும். முதலில் அறையை அளந்து பாருங்கள். ஏபிஎஸ்-சியில் தலை முதல் இடுப்பு வரை நெடுக்குவாட்டில் எடுக்க 50 மி.மீ.க்கு ஏழரை அடி தூரம் தேவை, 85 மி.மீ.க்கு பன்னிரண்டரை அடி. பத்துக்குப் பத்து அறையில், மாடலுக்குப் பின்னால் நான்கு அடி விட்டால், 50க்கே நீங்கள் வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். மொட்டைமாடியோ நீளமான கூடமோ இருப்பவர்கள் 85 வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் இன்னொரு தெர்மாகோல் அட்டை, நல்ல ஸ்டாண்டு, ஓர் ஈரப்பதமானி வாங்கிக்கொண்டு 50லேயே தொடர்வது உத்தமம்.