கிரவலில் பின் சில்லுக் கார்: மோட்டர் பின்னாலா, நடுவிலா?

வன்னியில் றிமோட் கார் ஓட்டக் கிடைக்கும் நிலம் மூன்று வகை: சிவப்புக் கிரவல், அறுவடை முடிந்த வயல், கோடையில் வற்றிய குளத்தின் இறுகிய ஓரம். வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லித்தரும் அமைப்புகளில் பல கார்ப்பெற் விரித்த தளத்துக்கானவை. அவற்றை அப்படியே இங்கே போட்டால், பின் சில்லால் மட்டும் ஓடும் கார் முதல் திருப்பத்திலேயே சுழன்று வந்த வழியைப் பார்த்து நிற்கும்.

முதலில் முடிவெடுக்க வேண்டியது மோட்டர் இருக்கும் இடம். 1984இல் அசோசியேட்டட் நிறுவனம் கொண்டுவந்த ஆர்சி10 பகியில் (மண்ணில் ஓடும் திறந்த வகைக் காரில்) மோட்டர் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. அதே நிறுவனம் 2014இல் பி5 (பின் மோட்டர்), பி5எம் (நடு மோட்டர், அதாவது பின் அச்சுக்கு முன்னால்) என்று இரண்டையும் விற்றது. எது சிறந்தது என்பதைத் தரைதான் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

என்னிடம் பின் மோட்டர், மருமகனிடம் நடு மோட்டர். விசுவமடுப் பக்கம் ஒரு கிரவல் வளவில் இரண்டு செங்கல்லை வைத்து எட்டுப் போட்டு ஓட்டினோம். மேல் கிரவல் மிளகு மிளகாக உருளும் இடம் அது. அவன் விசையை அழுத்தியதும் பின் சில்லு இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றி, விரல் நுனி புதையும் அளவுக்குப் பள்ளம் பறித்தன. "மாமா, இது இழுக்குதில்லை, சுத்துது" என்றான். என் கார் அதே இடத்தில் நேராகக் கிளம்பியது. காரணம் எளிது. ஒன்றரைக் கிலோ காரில் மோட்டரின் எடை மட்டும் ஏறத்தாழ 170 கிராம். அது அச்சுக்குப் பின்னால் இருந்தால் பின் ரயரை மண்ணோடு அமத்திப் பிடிக்கும்.

ஆனால் பின் மோட்டருக்கும் ஒரு விலை உண்டு. முன்பக்கம் இலேசாகிவிடுவதால் திருப்பத்தில் மூக்கு வெளியே ஓடப் பார்க்கும். திருப்பத்தின் நடுவில் திடீரென்று விசையை விட்டாலோ, வால் ஊஞ்சல் மாதிரி வீசும். திருப்பத்துக்கு முன்பே விசையைத் தளர்த்தி எடையை முன்னுக்கு வரவிட வேண்டும். பற்றரியையும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளலாம். மழை பெய்து இறுகிய நிலத்திலும் சீமெந்துத் தரையிலும் நடு மோட்டர்தான் அழகாகத் திரும்பும், அதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் ஒரு கார்தான் வாங்க முடியும் என்பவருக்கு என் பதில் பின் மோட்டர்.

அடுத்தது டிபரன்சியல், திருப்பத்தில் இரண்டு பின் சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பகுதி. சிறு குண்டுகள் வைத்த வகை மென்மையாக வேலை செய்யும், ஓயில் மாற்றாமலே இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் எங்கள் புழுதி மாவு போன்றது. உள்ளே போனால் குண்டும் தட்டும் தேய்ந்து, கழற்றிப் பூட்டுவதே வேலையாகிவிடும். சிலிக்கன் ஓயில் நிரப்பி மூடிய கியர் வகையே இங்கே நிலைக்கும். நான் 3000 ஓயிலில் தொடங்கினேன் (எண் கூடினால் ஓயில் தடிப்பு). விசை கொடுத்தபடி திருப்பத்தை விட்டு வரும்போது வால் அடிக்கடி வழுக்கியது. 2000 போட்ட பிறகு பின்பக்கம் அமைதியாகியது.

ஷொக் ஓயிலில் பெரிய வாதம் இல்லை. வெயில் ஏற ஏற ஓயில் இளகும் என்பதால் காலையில் 30, மத்தியானம் 35 போடுகிறேன். ஸ்பிரிங் மெதுவானதாகவே இருக்கட்டும். குண்டும் குழியுமான நிலத்தில் விறைத்த ஸ்பிரிங் சில்லை அந்தரத்தில் தூக்கிவிடும். பின் சில்லுகளின் முன் ஓரம் உள்நோக்கித் திரும்பி நிற்கும் கோணம் 3 பாகை. நேரோட்டத்தில் வேகம் கூடட்டும் என்று அதை 2 ஆக்கிப் பார்த்தோம், அன்று பின்னேரமே திருப்பி மாற்றினோம்.

கார் சுழல்வதை உணரும் கைரோ என்ற கருவியைப் போட்டால் போதுமே என்பவர்கள் உண்டு. அது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி வாலைப் பிடிக்கும், பிடிப்பை உண்டாக்காது. அந்தக் காசுக்கு முதலில் பின் ரயரை மாற்றுங்கள். உருளும் கிரவலுக்கு, இடைவெளி விட்டு முளைத்த உயரமான முள் ரயர், உள்ளே மெதுவான ஸ்பொஞ்ச். வற்றிய குளத்தின் ஓரத்துக்கு நெருக்கமான குட்டை முள். மருமகனின் காருக்கு முதல் வகையைப் பூட்டினோம், நடு மோட்டரை அப்படியே விட்டு. அதே வளவில், அதே செங்கல்களைச் சுற்றி, இப்போது பள்ளம் பறிக்காமல் கிளம்புகிறது.