கூட்டாக எழுதும் கருவியாக விக்கிப்பீடியா: ஒரு மதிப்புரை

விக்கிப்பீடியாவின் தகவல் தரத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பலர் சேர்ந்து எழுதுவதற்கான கருவியாக அது எப்படி இருக்கிறது என்பதையே இங்கே பார்க்கிறேன். 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கி 2003 முதல் தமிழிலும் இயங்கிவரும் இச்சேவையின் எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் மீடியாவிக்கி என்ற ஒரே மென்பொருள்தான். முதலில் திருத்துவது, ஏற்காதவர் அதைப் பழைய நிலைக்குத் திருப்புவது, அதன்பின் அக்கட்டுரைக்கென உள்ள பேச்சுப் பக்கத்தில் வாதிடுவது என்பது ஆங்கிலப் பதிப்பில் வேரூன்றிய வழக்கம். மூத்தவர் எழுதியதில் கைவைக்கவே கூசும் நம்மவர்களுக்கு அது எளிதில் படிவதில்லை.

நல்லவேளையாக, அந்தந்த மொழியினர் தங்களுக்கு ஏற்றபடி விதிகளை வகுத்துக்கொள்ள இச்சேவை இடம் தருகிறது. ஜெர்மன் பதிப்பில் 2008 முதல், புதியவர் செய்யும் திருத்தத்தை அனுபவமுள்ள ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பொது வாசகர் காண முடியும். ஜப்பானியப் பதிப்பிலோ கணக்குத் தொடங்காமலேயே எழுதுவோரின் பங்கு பெரிது. போர்த்துகீசியப் பதிப்பு 2020இல் அத்தகையோர் கட்டுரைகளைத் திருத்துவதையே தடுத்துவிட்டது.

என்னை மிகவும் கவர்ந்தது சீனப் பதிப்பில் உள்ள எழுத்து மாற்றி. பெய்ஜிங், தைபே, ஹாங்காங் வாசகர்கள் டாக்ஸிக்கு வெவ்வேறு சொற்களை வழங்குகிறார்கள், எழுத்துருவமும் வேறுபடுகிறது. அப்படியிருந்தும் அனைவரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். அவரவர் வழக்குக்கு மாற்றிக் காட்டும் வேலையை மென்பொருள் செய்கிறது. யாருடைய வழக்கு சரி என்ற சண்டையின் பெரும்பகுதி இதனால் தேவையற்றுப் போகிறது. தமிழில் அந்த வசதி இல்லை. தமிழகத்தார் 'டொராண்டோ' என்றும் ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என்றும் தேடினால் வழிமாற்றுப் பக்கம் இருவரையும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுசேர்க்கும்; ஆனால் கட்டுரைக்குள் எந்த வடிவத்தை எழுதுவது, கிரந்த எழுத்தை எங்கே தவிர்ப்பது என்பதையெல்லாம் மனிதர்களே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆலமரத்தடி என்று பொருத்தமாகப் பெயரிடப்பட்ட பொது உரையாடல் பக்கம் இருப்பது அந்த வகையில் ஆறுதல்.

இந்தத் தன்னாட்சிக்கு ஆபத்தான மறுபக்கமும் உண்டு. குரோவாசியப் பதிப்பு பல ஆண்டுகள் தேசியவாதச் சாய்வுள்ள சிறு நிர்வாகிக் குழுவின் பிடியில் இருந்ததை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விரிவாகக் காட்டியது. உள்ளிருந்து எதிர்ப்பவர்களையே தடைசெய்துவிட முடிந்த நிலையில், வெளியிலிருந்து தலையிட இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது இச்சேவையின் கடுமையான குறை. தமிழில் எழுத விரும்புவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பெரிய திருத்தம் என்றால், செய்வதற்கு முன்பே பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.