வீட்டுப் பத்திரமா, கூடுதல் வட்டியா, டாலர் கடனா?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வந்த மறுநாளே, நம் வீடுகளில் "எந்த பேங்க்கில் வட்டி கம்மி?" என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், கடன் எந்த நாணயத்தில் ஏறுகிறது, படித்து முடித்தும் வேலை அமையாவிட்டால் யாருடைய சொத்துக்கு நோட்டீஸ் வரும் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்காதவரை, அரை விழுக்காட்டு வட்டி வித்தியாசத்துக்குப் பெரிய பொருள் இல்லை.

பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு தேவையில்லை, 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் போதும். அதற்கு மேல் சொத்து அடமானம் கேட்பது வழக்கம். சில முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் வங்கிகள் விலக்கு அளிக்கின்றன. வெளிநாட்டுப் படிப்பு 7.5 லட்சத்துக்குள் அடங்காது என்பதால், பெரும்பாலோர் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம் என எல்லாம் இருந்தாலும், வங்கி வழக்கறிஞரின் சட்டக் கருத்தில்தான் பல விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து, அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் வாங்கிய பிளாட் ஆகியவை, சந்தையில் எவ்வளவு விலை போனாலும், வங்கியின் மேசையில் செல்லாக்காசுதான். செலவில் 15 விழுக்காட்டை நாமே போட வேண்டும் என்பதும் பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. இத்தனையையும் தாண்டினால் கிடைக்கும் நிபந்தனைகள் நல்லவை: படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது, அந்தக் காலத்தில் தனி வட்டிதான் ஏறும், திருப்பிச் செலுத்த 15 ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு.

வங்கிசாரா நிதி நிறுவனங்களில் அடமானம் இல்லாமலே கடன் கிடைக்கும், வேகமாகவும் கிடைக்கும். அதற்கு ஆகும் விலையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 30 லட்சம் ரூபாயைப் பத்தாண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், 10 விழுக்காட்டு வட்டிக்கு மாதத் தவணை ஏறத்தாழ 39,650 ரூபாய். 12 விழுக்காட்டுக்கு 43,040 ரூபாய். மாதம் சுமார் 3,400 ரூபாய், மொத்தத்தில் நான்கு லட்சம் சொச்சம் கூடுதலாகப் போகிறது. பெற்றோர் குடியிருக்கும் ஒரே வீட்டை ஈட்டில் சிக்கவைக்காமல் இருப்பதற்கு அது அதிக விலையல்ல என்பதே என் கருத்து. ஆனால் அடமானம் இல்லை என்பதால் அப்பா தப்பித்துவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. இணைக் கடன்தாரராக அவர் போட்ட கையெழுத்து அவரைப் பொறுப்பாளியாக்குகிறது, தவணை தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். படிக்கும்போதே வட்டியின் ஒரு பகுதியை மாதாமாதம் கட்டச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

பிராடிஜி ஃபைனான்ஸ், எம்பவர் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் பெற்றோரின் கையெழுத்தையும் கேட்பதில்லை. மாணவர் சேரும் பல்கலைக்கழகத்தையும் படிப்பையும் பார்த்தே கடன் தருகின்றன. ஆனால் கடன் டாலரில். அமெரிக்காவில் தொழில்நுட்பப் படிப்பு முடித்தவருக்கு ஓபிடி எனப்படும், படிப்புக்குப் பின் அங்கேயே வேலை பார்க்கும் அனுமதி ஓராண்டும், அதன் நீட்டிப்பு இரண்டாண்டும் கிடைக்கும். அந்த மூன்றாண்டுகளில் டாலரில் சம்பாதித்தால் டாலர் கடன் பாரமாகத் தோன்றாது. ஊர் திரும்பி ரூபாயில் சம்பளம் வாங்க நேர்ந்தால்தான், ரூபாய் சரியச் சரியத் தவணையும் ஏறிக்கொண்டே போகும். மேலும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடன் வட்டிக்காக எட்டாண்டுகள் வரை கிடைக்கும் வருமான வரிக் கழிவு, இத்தகைய வெளிநாட்டுக் கடனுக்குப் பொருந்தாது.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் இந்த மூன்றையும் எடைபோடும் முன், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் அத்தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

கடனின் அளவையே குறைக்க நினைப்பவருக்கு ஜெர்மனி இருக்கிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வசூலிக்கிறது. விசாவுக்காக, மாதம் இவ்வளவு என்று மட்டுமே பணம் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். கட்டணம் என்று நினைத்து இந்தத் தொகையைக் கண்டு மிரள்பவர்கள் உண்டு. உண்மையில் அது நம் பணம்தான். மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வரும். அதில் 140 யூரோவுக்குக் குறையாமல் மருத்துவக் காப்பீட்டுக்குப் போய்விடும். மிச்சத்தில் மியூனிக் போன்ற நகரில் அறை வாடகையே பெரும்பங்கை விழுங்கிவிடும், கெம்னிட்ஸ் போன்ற ஊரிலோ ஓரளவு மூச்சுவிடலாம். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்க அனுமதி உண்டு என்றாலும், ஜெர்மன் மொழி வராதவருக்கு முதல் அரையாண்டில் அந்த வேலை எளிதில் அமைவதில்லை. அதனால் முதலாண்டுச் செலவு முழுவதற்கும் கையிருப்பை நம்பியே திட்டமிட வேண்டும்.