வாடகை டென்ட், குளத்தங்கரை, கூடவே இரண்டு சாக்கு

டென்ட்டுக்கு மூன்று நட்சத்திரம், கடைக்கார அண்ணாச்சியின் கெடுபிடிக்கு ஐந்து நட்சத்திரம். குறையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைப் போடவில்லை. நெல்லைப் பக்கம் எந்தக் கடையில் டென்ட் வாடகைக்கு எடுத்தாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று சொல்லிக்கொண்டு போனால் இந்தக் கடையில் டென்ட் தர மாட்டார்கள். அந்த மலை முழுக்கக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988இலிருந்தே அப்படித்தான், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ராத்திரி தங்குகிற பேச்சுக்கே இடமில்லை. பறவைச் சரணாலயமான கூந்தன்குளம் என்றாலும் கிடையாது. அண்ணாச்சி தருவது நாங்குநேரிப் பக்கம் ஊராட்சி அனுமதி வாங்கி வைத்திருக்கும் ஒரு குளத்தங்கரைப் பூங்காவுக்கு மட்டும். ஊர்ப் பெயரையும் நான் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த வாரமே நாற்பது கார் நிற்கும்.

நாலு பேர் டென்ட், ஒரு ராத்திரிக்கு 600 ரூபாய், முன்பணம் 1000. (நாலு பேர் என்று எழுதியிருந்தால் மூன்று பேர் என்று படித்துக்கொள்ளுங்கள், நாலாவது ஆள் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும்.) டென்ட்டோடு அதன் மேல் போர்த்துகிற மேல்ஷீட், அடியில் விரிக்கத் தார்ப்பாய், இரும்பு முளைகள், சுத்தியல், குப்பி மாட்டுகிற கேஸ் அடுப்பு, தலையில் மாட்டும் டார்ச், ஒரு கைமண்வெட்டி, அப்புறம் இரண்டு காலிச் சாக்கு. சாக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "தம்பி, குப்பை பூரா இதுல வந்தாத்தான் முன்பணம் வரும், பாத்துக்கிடுங்க" என்றார். விறகோ கரியோ கேட்டால் கிடையாது. ஸ்பீக்கர் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார், ஆமாம் என்றிருந்தால் டென்ட் திரும்பக் கடைக்குள்ளேயே போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கே டென்ட் அடிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் படமாகவே வரைந்து கொடுத்தார், இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குளத்துக் கரைமேல் முளை அடிக்கக் கூடாது, அடுப்புக்குக் குழி தோண்டக் கூடாது. கரை என்பது வெறும் மண் அணை, எலி வளை ஒன்று பெரிதானாலே தண்ணீர் கசியத் தொடங்கிவிடும், அதற்குக் கீழேதான் மொத்த ஊர் வயலும் இருக்கிறது. உள்வாயில், அதாவது கரைக்கு உட்பக்கம் தண்ணீர் வற்றிய இடத்தில், புல் பச்சென்று மெத்தை மாதிரி இருக்கும், அங்கேயும் கூடாது. மறுகால், அதாவது குளம் நிரம்பி வழிகிற தண்ணீர், போகிற பாதை பக்கமே போகக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18இல் நெல்லையை வெள்ளக்காடாக்கிய மழையைப் பார்த்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பூங்காவின் மேட்டுப் பக்கம், தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளி, ஏற்கெனவே புல் தேய்ந்து மண் தெரிகிற இடத்தில் போடச் சொல்கிறார். புதுப் புல்லை நாசமாக்குவதைவிடத் தேய்ந்த இடமே தேயட்டும் என்கிற கணக்கு. மீன் குத்தகைக் காவல்காரர் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வருவார், அவரிடம் முன்கூட்டியே பார்த்துப் பேசிவிடச் சொன்னார். பேசினோம், ஒரு டீயோடு முடிந்தது.

இனிக் குறைகள். தார்ப்பாய் மெலிசு, அதுவும் பழசு. அந்தப் பூங்காவைச் சுற்றிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, துடைப்பத்தால் இரண்டு தடவை கூட்டியும் மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு முள் தார்ப்பாயைத் துளைத்து, டென்ட்டின் அடித்துணியைத் துளைத்து, பாய்க்குள் நுனியை நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்து மேல்ஷீட். அதை இழுத்துக் கட்டும் கயிற்றில் இரண்டைக் காணோம். தை மாதப் பனியில் இது சாதாரண விஷயமில்லை, நம் மூச்சுக் காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகும், மேல்ஷீட் விறைப்பாக விலகி நிற்காமல் உள்துணியோடு ஒட்டிக்கொண்டால் அந்த நீர் நம் தலைமேல்தான் சொட்டும். விடியற்காலை போர்வை நனைந்து கிடந்தது, மழையோ ஒரு பொட்டுக்கூட இல்லை. கொசுவலை ஜிப்பும் பாதியில் நின்றுவிடும், மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டினோம்.

அடுப்பு நன்றாக எரிகிறது, ஆனால் காற்றுத் தடுப்புத் தகடு தரவில்லை. குளத்துக் காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து காப்பித் தண்ணீர் கொதிக்க அரை மணி நேரம் ஆனது. ஆனியிலும் ஆடியிலும் வீசுகிற காற்றில் இந்த அடுப்பு சுத்தமாக ஆகாது.

சாப்பாட்டுக்கு ஒரு யோசனை. வீட்டிலிருந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டு போனோம், தின்ற பிறகு இலை மட்டும்தான் மிச்சம். பரோட்டாவுக்குத் தூக்குச்சட்டியைக் கொண்டுபோய்ச் சால்னா வாங்கினோம், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் ஊற்றினார். பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1இல் வந்தது என்று பெயர், சால்னாக் கவர் மட்டும் எந்தக் குளத்தங்கரையிலும் ஒழியவில்லை. எங்கள் சாக்கு பாதிதான் நிறைந்தது, மீதிப் பாதியில் முன்னால் வந்தவர்களின் கவரையும் உடைந்த பாட்டிலையும் பொறுக்கிப் போட்டோம். மேய வருகிற மாட்டுக் காலில் அந்தக் கண்ணாடி குத்தினால் பாட்டிலைப் போட்டவரா வந்து மருந்து கட்டப்போகிறார்?

பூங்காவின் கழிப்பறையை ராத்திரி பூட்டிவிடுகிறார்கள். கைமண்வெட்டி அதற்குத்தான், தண்ணீரிலிருந்து அதே 200 அடி தள்ளி, அரை அடிக்குக் குறையாமல் குழி, பிறகு மண் மூடல். காகிதம் சாக்குக்கு. பாத்திரத்தைக் குளத்தில் இறங்கிக் கழுவாமல் வாளியில் தண்ணீர் மொண்டு மேட்டில் கழுவச் சொல்கிறார் அண்ணாச்சி. ஊர்க்காரர்களே படித்துறையில் சோப்புப் போட்டுத் துவைக்கிறார்களே என்று கூட வந்தவன் கேட்டான். அவர்கள் குளம், அவர்கள் பாடு, ஒரு ராத்திரி தங்க வந்தவனுக்கு அந்தச் சட்டம் பேசுகிற உரிமை ஏதுடா என்றேன். அவனும் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குத்தான் வந்தான்.

டார்ச்சில் சிவப்பு வெளிச்சம் இருப்பது நல்ல ஏற்பாடு, உடை என்கிற முள்மரங்களில் அடைந்திருக்கும் கொக்கும் நாரையும் கலையவில்லை. பக்கத்தில் வேறு எங்கிருந்தோ வந்த ஒரு கூட்டம் கண்ணைக் கூசுகிற விளக்கும் பாட்டுமாக இருந்தது, அவர்கள் பக்கத்து மரம் ராத்திரி பூராவும் படபடத்துக்கொண்டே கிடந்தது. 1994இல் சரணாலயமான கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடாமல் இருக்கிறார்கள் ஊர் மக்கள், இவர்களுக்கு ஒரு ராத்திரி பாட்டை நிறுத்த முடியவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது அண்ணாச்சி சாக்கைக் கவிழ்த்தே பார்த்தார், திருப்தி. டென்ட்டில் முள் போட்ட ஓட்டைக்கு மட்டும் 200 ரூபாய் பிடித்துக்கொண்டார். தார்ப்பாயே ஓட்டையாகத்தானே தந்தீர்கள் என்று கேட்டதற்கு, "நல்லா கூட்டிட்டு விரிக்கணும்லா" என்றார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆகவே வாங்கும்போதே தார்ப்பாயை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டையைப் பாருங்கள், கயிற்றை எண்ணுங்கள், ஜிப்பை முழுக்க ஒரு தடவை ஓட்டுங்கள், எல்லாவற்றையும் அவர் கண்முன்னாலேயே போனில் படம் எடுத்துவிடுங்கள். கண்ணை உறுத்தாத பச்சை டென்ட் இருந்தால் அதைக் கேளுங்கள், எங்களுக்கு வந்தது நீலம்.