சோலார் பேனல் வாங்கும் முன் டேப் வைத்து அளந்து பாருங்கள்: நான் ஏமாந்த கதை

மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 540 வாட் என்று நம்பி நான் வாங்கிய 10 பேனல்களும் எங்கேயோ கழற்றிய பழைய 400 வாட் பேனல்கள். பின்பக்க ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசு.

பேனல் வந்து இறங்கியபோதே சின்னதாக இருக்கிறதே என்று கேட்டேன். "இது பெராவ்ஸ்கைட் சார், புது டெக்னாலஜி, கொஞ்ச இடத்திலேயே நிறைய வாட் வரும்" என்றார் விற்றவர். அந்தப் பெயரைச் செய்திகளில் பார்த்திருந்ததால் நானும் சரி என்று விட்டுவிட்டேன். வழக்கமான சிலிக்கான் மேல் பெராவ்ஸ்கைட் என்ற இன்னொரு பொருளை அடுக்காக வைத்து, விழும் ஒளியில் 33 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக ஆய்வகத்தில் எடுத்திருப்பது உண்மைதான். ஆனால் வீடுகளுக்குப் பரவலாக வருபவை சிலிக்கான் பேனல்கள், அதில் புதிய டாப்கான் (TOPCon) வகையே என்றாலும் 24 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும்.

மேகமே இல்லாத நாளில், உச்சி வெயிலில், இன்வெர்ட்டர் 3 கிலோவாட்டைத் தாண்டவில்லை. 5.4 அல்லவா போட்டிருக்கிறோம் என்று போன் செய்தால், "சூட்டில் குறையும் சார்" என்று பதில். இந்தப் பாதி உண்மையில்தான் பல மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். பேனலில் எழுதும் வாட் என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதித்த அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். செல் 65 டிகிரிக்குச் சூடானாலும் அதிகபட்சம் 16 சதவீதம் போகும், அவ்வளவுதான். எனக்குப் போனதோ 40 சதவீதத்துக்கும் மேல்!

அப்புறம்தான் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒரு பேனல் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அந்த 2 சதுர மீட்டரில் சோதனையின்போது விழும் ஒளி 2000 வாட். அதில் 540 வர வேண்டுமானால் 27 சதவீதம், அதாவது சிலிக்கான் ஆய்வகச் சாதனைக்குப் பக்கத்தில். 400 என்றால் சரியாக 20. உண்மையான 540 வாட் பேனல் பொதுவாக 2.28 மீட்டருக்கு 1.13 மீட்டர் இருக்கும். இந்தக் கணக்கைப் போட 5 நிமிடம்கூட ஆகவில்லை.

பேனலுக்கு அடியில் குனிந்து ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினேன். காய்ந்த பழைய பசை, செவ்வக வடிவத்தில், புது ஸ்டிக்கரைவிட ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது. சீரியல் நம்பர் பின்னால் ஒன்று, முன்னால் கண்ணாடிக்கு உள்ளே இன்னொன்று. கண்ணாடிக்குள் இருப்பதை மாற்ற முடியாது, அதனால்தான் மாட்டிக்கொண்டார். அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்டேன், 6 வருடம் முன்பு வந்த 400 வாட் மாடல் என்று பதில் வந்தது. 25 வருட உத்தரவாதம் என்று அவர் கொடுத்த தாளில் இருந்ததும் ஸ்டிக்கர் எண்தான், எனவே அது எதற்கும் ஆகாது.

இப்போது அவர் போனை எடுப்பதில்லை. நுகர்வோர் புகாருக்காக 10 பேனலின் இரண்டு எண்களையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பேனல் இறங்கினால், மாடியில் தாங்கும் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பே நீள அகலத்தை அளந்து, கண்ணாடிக்குள் இருக்கும் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். ஆட்கள் அவசரப்படுத்தினால் ஏற்ற விடாதீர்கள், அன்று எனக்கும் அப்படித்தான் அவசரப்படுத்தினார்கள்.